வன்னியிலே கொடுப்பு வீக்கத்தின் சரித்திரம்

வன்னிப் பெருநிலத்தின் வைத்திய சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் மலேரியாச் சுரத்தையும், பறங்கி வியாதியையும், பாம்புக்கடியையும், பிற்காலத்திலே எறிகணைக் காயங்களையும் பற்றியே பெரும்பாலும் எழுதினார்கள். ஆளை ஒரு கிழமைக்குள் கொண்டுபோய்விடும் வியாதிகளும் ஊரையே குடியெழுப்பிவிட்ட வியாதிகளும் முன்னிற்க, பன்னிரண்டு பதினைந்து வயதுப் பிள்ளையின் தாடையெலும்புக்குள் நோவுமின்றிச் சுரமுமின்றி வருஷக்கணக்காக வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு நீர்க்கட்டியைப் பற்றி யார்தான் ஏடெடுத்து எழுதுவார்? ஆயினும் அந்த நீர்க்கட்டிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை ஆராயப் புகுந்தால், அது வைத்தியர்களின் கெட்டித்தனத்தைக் காட்டிலும் தெருக்களோடும் புகையிரதத்தோடும் பாஸ் என்னும் அனுமதிச் சீட்டுகளோடுமே கூடுதலாகப் பிணைந்து கிடப்பதைக் காணலாம்.

வியாதியின் இயல்பை முதலிற் சொல்லவேண்டும். தாடைக்குள் பல்லை உருவாக்கும் மெல்லிய தோலிழையமானது, தன் கருமம் முடிந்த பின்னும் முற்றாக அழிந்துபோகாமல், சிறு சிறு எச்சங்களாக எலும்புக்குள்ளும் முரசுக்குள்ளும் தங்கிவிடுகிறது. இந்த விசேஷத்தினாலேதான் நீர்க்கட்டிகள் உடம்பின் வேறெந்த எலும்பையும்விடத் தாடையிலே மிகுதியாகக் காணப்படுகின்றன. சூத்தைப் பல்லின் வேரடியில் அழற்சியினால் எழும் கட்டி எந்தத் தேசத்திலும் சாதாரணம். அது பெரும்பாலும் வளர்ந்தவர்களுடைய வியாதி. இளவயதினரிடத்து வைத்தியரைச் சிந்திக்க வைப்பவை வேறு. முளைக்கவேண்டிய வேட்டைப் பல்லோ ஞானப் பல்லோ எலும்புக்குள்ளே படுத்துக்கொள்ள, அதன் முடியைச் சூழ்ந்த உறைக்குள் நீர் சேர்ந்து பெருகுவது ஒன்று. கெரற்றின் என்னும் வெண்ணிறப் பசையை நிரப்பிக்கொண்டு, வெளியே வீக்கம் காட்டாமல், எலும்பு மச்சையினூடே நீளவாக்காக ஊர்ந்து செல்வது இன்னொன்று. உறையென்று சொல்லத்தக்க எதுவுமின்றி வெறுங்குகையாகவே கிடப்பது மற்றொன்று. முதலாவது ஓரளவு அறிமுகமானது, மற்றவை அரியவை.

கன்னத்திலே வீக்கம் தெரிந்தபோது, பிள்ளைக்குக் கொடுப்பு வீங்கியிருக்கிறது என்பதே வீட்டாருடைய முதல் வார்த்தை. கூகைக்கட்டாக இருக்கும் என்பது அயலாருடைய முதல் அபிப்பிராயம். கூகைக்கட்டு ஒரு கிழமை பத்து நாளில் வற்றிவிடும். இது வற்றாது, ஆனால் நோவதுமில்லை, ஆகவே பரியாரியாரிடம் போவதற்கும் அவசரமில்லை. போனாலும், பற்றுப் போடுவதும் ஒத்தடம் கொடுப்பதும் அல்லாமல் அவர் செய்யக்கூடியது சொற்பம். இதனால் நம் பழைய வைத்தியத்தை இழித்துப் பேசுதல் தகாது. சுசுருத சங்கிதை வாய்நோய்களை 65 என வகுத்து, அவற்றுள் கடைசிக் கொடுப்புப் பல்லின் அண்டையிலே பெருவீக்கமும் பெருநோவும் எச்சிலொழுக்கும் உண்டாக்கும் அதிமாம்சம் என்பதைத் தனியே பிரித்துக் கூறுவதைப் படித்தால், முளைத்து முடியாத ஞானப் பல்லைச் சுற்றி வரும் அழற்சியை இன்றைய பல்வைத்தியர் விவரிப்பதற்கும் அதற்கும் அதிக பேதம் தோன்றாது. யாழ்ப்பாண அரசர் காலத்து நூல்களாகிய செகராசசேகரமும் பரராசசேகரமும் அந்த மரபிலேயே வந்தவை. கண்ணுக்கும் விரலுக்கும் எட்டியவற்றையெல்லாம் அந்த வைத்தியம் கண்டது. எலும்புக்குள் மறைந்திருப்பது எட்டவில்லை.

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் எட்டவில்லை என்பதை நினைவில் வைத்தல் நலம். பாரிஸ் நகரத்துச் சத்திர வைத்தியர் தூபுயித்ரென், கட்டி பெருத்து எலும்பு மெலிந்துவிட்ட இடத்தில் விரலை வைத்து அமுக்கினால் காய்ந்த தோற்கடதாசி நொறுங்குவது போன்ற சத்தம் கேட்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே போதித்தார். அந்தச் சத்தம் கேட்கும்போது தாடையின் ஒரு பக்கம் ஏறக்குறைய வெறுங்கூடாகிவிட்டிருக்கும். பல்லின் முடியைச் சுற்றி எழும் கட்டிக்கு இன்றும் வழங்கும் பெயரை லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பாஜெட் அந்த நூற்றாண்டின் நடுவிலே இட்டார். கட்டிகளுக்கு வித்தாகும் தோலிழைய எச்சங்களை 1880 களில் பிரான்சு தேசத்து மலாசே நுணுக்குக்காட்டியிலே கண்டு காட்டினார். ஜெர்மனியின் பிரெஸ்லவ் நகரத்துக் கார்ல் பார்ட்ஷ் 1892 இல் வெளியிட்ட சிகிச்சை முறையைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ரொன்ட்ஜன் 1895 இன் இறுதியில் எக்ஸ்ரே என்னும் புதிய கதிரை அறிவித்த சில வாரங்களுள், ஓட்டோ வால்க்கொஃப் என்ற பல்வைத்தியர் கண்ணாடித் தகடொன்றைத் தம் வாய்க்குள் வைத்துக்கொண்டு 25 நிமிஷம் அசையாதிருந்து தம் பற்களைப் படம் பிடித்தார். எலும்புக்குள் இருப்பதைக் கத்தி வையாமற் காணும் வழி அன்றுதான் திறந்தது.

அந்த அறிவு தமிழருக்குத் தமிழிலேயே கிட்டியிருக்கக்கூடிய ஒரு காலமும் இருந்தது. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மறுவருஷம் மானிப்பாயிலே அமர்ந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அறுபதுக்கு மேற்பட்ட மாணாக்கரை வைத்தியராக்கியதோடு, அவர்களிற் பலருக்குத் தமிழிலேயே போதித்து, உடற்கூற்றையும் பிரசவத்தையும் சத்திர சிகிச்சையையும் பற்றிய ஆங்கில நூல்களைத் தமிழாக்கி அச்சேற்றினார். சத்திர சிகிச்சை நூலுக்கு இரணவைத்தியம் என்பது பெயர். 1873 இல் அவர் தாயகம் திரும்பினார். அதற்கு மூன்று வருஷம் முன்னரே, 1870 இல், கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தது. உத்தியோகமும் அதன் வழியாகவே கிடைத்தது. கிறீனுடைய தமிழ் நூல்கள் அலுமாரிக்குப் போயின. அவர் தொடங்கியதை நாம் பேணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று கணக்குப் பார்ப்பது வீண் வேலைதான். எனினும், தன் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்த துண்டத்தைப் பற்றிய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அதிலே ஒரு சொல்லும் விளங்காமல் நிற்கும் தாயைக் காணும்போது அந்தக் கணக்குத் தானாகவே மனத்தில் எழுகிறது.

மானிப்பாய் வைத்தியமும், 1850 இல் யாழ்ப்பாணப் பட்டினத்திலே அமைந்த நட்புறவுச் சங்க ஆஸ்பத்திரியும் ஆனையிறவுக்கு இப்பாலுள்ள காட்டுக் கிராமங்களுக்கு எளிதில் எட்டுபவையாய் இருக்கவில்லை. ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை உத்தியோகஸ்தர் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல், தூர்ந்த குளங்களும் அருகிய சனங்களும் கொண்ட ஒரு தேசத்தைச் சித்திரிக்கின்றது. அக்காலத்து அரசாங்கத்தைக் கவலைப்படுத்திய வியாதி பறங்கி. தலைமைச் சிவில் வைத்திய அதிகாரி கின்சி 1881 இல் அதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். பறங்கி தோலோடு நில்லாமல் எலும்பையும் பற்றி வீங்கச் செய்வது. ஆகவே வன்னியான் ஒருவனுடைய முகத்திலே எலும்பு வீக்கம் கண்டால், வைத்தியர் முதலில் எண்ணுவது பறங்கியாகவே இருந்திருக்கும். 1905 இல் வடபகுதிப் புகையிரதம் வவுனியாவூடாக யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியபோது, வவுனியாவும் மாங்குளமும் கிளிநொச்சியும் ஒரே நாளில் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குச் சமீபித்தன. முல்லைத்தீவுக்குப் புகையிரதம் வரவில்லை, இன்றும் இல்லை.

மலேரியா ஒடுங்கி, குடியேற்றத் திட்டங்களினால் சனம் பெருகிய 1950 களிலேதான் பல்வைத்தியம் இத்தீவில் ஒரு பொதுச் சேவையாக உருவெடுத்தது. 1943 இல் கொழும்பில் தொடங்கிய பல்வைத்தியப் படிப்பு ஐம்பதுகளிலே பேராதனைக்குப் பெயர்ந்தது. அதே காலத்தில் நியூசிலாந்து தேசத்தின் உதவியோடு மகரகமையிலே பாடசாலைப் பல் தாதிமாரைப் பயிற்றும் நிலையம் எழுந்தது. சின்னப்பிள்ளைகளின் சூத்தைப் பல்லை அடைத்தும் பாற்பல்லைப் பிடுங்கியும் இவர்கள் செய்த, இன்றும் செய்துவரும், தொண்டு பெரிது. ஆனால் அந்தச் சேவையின் எல்லை 13 வயது. நான் மேலே சொன்ன அரிய கட்டிகளோ, பெரும்பாலும் அந்த வயதுக்குப் பிறகே தலைகாட்டுகின்றன. பள்ளிக்கூடத்துப் பல் பரிசோதனை முடிகிற இடத்திலே வியாதி தொடங்குகிறது.

பேராதனைக்கு இந்தச் சரித்திரத்தில் ஒரு தனி இடமுண்டு. வாயிலிருந்தும் தாடையிலிருந்தும் எடுக்கும் துண்டங்கள் தீவின் பல பாகங்களிலிருந்தும் போமலினில் இட்ட சிறு போத்தல்களாக அங்குள்ள வாய்நோயியல் பகுதிக்கே போகின்றன. வன்னியை ஊடறுத்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 தெருவை நம்மவர் கண்டி வீதி என்பார்கள்; அதன் தென்முனை கண்டிப் பட்டினம், பேராதனை அதன் அயல். போத்தல் போகவேண்டிய வழியும் பிள்ளை போகவேண்டிய வழியும் இந்த ஒரே தெருதான்.

அந்தத் துண்டம் ஏன் அத்தனை முக்கியம் என்பதை, சத்திர சிகிச்சை மேசையருகே நின்று பார்த்தால் விளங்கும். வைத்தியர் வாயைத் திறந்து வெட்டுவதற்கு முன்னர், அகன்ற துவாரமுள்ள ஊசியொன்றைக் கட்டிக்குள் செலுத்தி உறிஞ்சுவார். வைக்கோல் நிற நீர் வந்து, அதை வெளிச்சத்திலே பிடிக்கும்போது கொலஸ்திரோல் பளிங்குகள் மினுங்கினால், அது சாதாரண நீர்க்கட்டியாகலாம். தடித்த வெண்பசை வந்தால் கெரற்றின் கட்டி என்ற சந்தேகம் வலுக்கும். அத்தகைய திரவத்திலே புரதம் 100 மில்லிலீற்றருக்கு 4 கிராமுக்குக் குறைவாகவே இருக்கும். இரத்தம் பீறிட்டால் கையை நிறுத்தி யோசிக்கவேண்டும். ஒன்றும் வராமல் காற்று மாத்திரம் வந்தால், வெறுங்குகை. இத்தனை குறிப்புகள் இருந்தும், எக்ஸ்ரே படத்திலே வட்டக் கருநிழலாகத் தெரியும் ஒரே உருவத்துக்குள், விட்டுவிட்டால் தாடையை அரித்துச் செல்லும் அமெலோபிளாஸ்ற்றோமா என்னும் கட்டியும் ஒளிந்திருக்கக் கூடும். இளவயதினரிடத்து அது சாதாரண நீர்க்கட்டியின் வேஷத்திலேயே வருகிறது என்பதை 1977 இல் இரண்டு அமெரிக்க வைத்தியர்கள் எடுத்துக்காட்டினார்கள். நுணுக்குக்காட்டி ஒன்றே அதைப் பிரித்தறியும்.

கெரற்றின் கட்டியின் கதை தனிக்கதை. டென்மார்க் தேசத்துப் பிலிப்சன் 1956 இல் அதற்குப் பெயரிட்டார். ஆறு எட்டுக் கலங்களின் தடிப்பே கொண்ட அதன் உறை, எடுக்கும்போது கிழியும். கிழிந்து எஞ்சியதிலிருந்தும், அருகேயுள்ள நுண்ணிய சேய்க் கட்டிகளிலிருந்தும் வியாதி மறுபடி எழும். 1963 இல் பிண்ட்போர்க்கும் ஹான்சனும் ஆராய்ந்த நோயாளரிடத்து நூற்றுக்கு 60 க்கு மேல் மீண்டும் வந்திருந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2005 இல் இதை நீர்க்கட்டியென்னும் வகுப்பிலிருந்து நீக்கி, புற்றல்லாத வளர்ச்சிக் கட்டிகளோடு சேர்த்தது. 2017 இல் திரும்பவும் பழைய வகுப்புக்கே கொண்டுவந்தது. பண்டிதர்களின் இந்த வழக்காடலினால் நோயாளிக்கு இலாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. அவன் வருஷந்தோறும் வந்து படம் எடுக்கவேண்டியது மட்டும் மாறவில்லை.

பிள்ளையொன்றின் தாடையிலே இத்தகைய கட்டிகள் ஒன்றுக்கு மேற்பட்டுக் கண்டால் வைத்தியர் வாயை விட்டு உள்ளங்கையைப் பார்க்கவேண்டும். 1960 இல் கோர்லின், கோல்ட்ஸ் என்னும் இருவர் விவரித்த பரம்பரை வியாதியில், உள்ளங்கையிலே ஊசி குத்தினாற் போன்ற சிறு குழிகளும், பிளவுபட்ட விலாவெலும்பும், மண்டைக்குள் சுண்ணாம்புப் படிவும் காணப்படும். வெள்ளைத் தோலினரிடத்து அந்த வியாதியின் முக்கிய அடையாளங்களுள் ஒன்று தோலிலெழும் புற்றுக் கட்டிகள்; நம்மவரின் கருந்தோலில் அவை அரிதாகையால், தாடைக் கட்டியே முதற்சாட்சியாக நிற்கும். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைகளிற் பாதிப்பேருக்கு வரக்கூடும். ஆகவே கையைக் காட்டும்படி தாயையும் கேட்பார்கள். நாற்று நட்டுக் களை பிடுங்கிய கையிலே அந்தக் குழிகளைத் தேடுவது இலேசான காரியமல்ல. சற்று நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தாற்றான் தெளியும்.

இனிப் பார்ட்ஷினுடைய முறை. பெரிய கட்டியை முழுவதும் சுரண்டியெடுத்தால், வளர்கின்ற தாடை முறியலாம், உதட்டுக்குப் போகும் நரம்பு கெடலாம், பக்கத்திலே காத்திருக்கும் பல்முளைகள் அழியலாம். ஆகையால், குளத்தின் கட்டை வெட்டாமல் துருசைத் திறந்து நீரை இறக்குவது போல, கட்டியின் சுவரிலே ஒரு வாயில் வைத்து, அது மூடிக்கொள்ளாதவாறு சிறு குழாயொன்றைத் தைத்து, உள்ளமுக்கத்தை இறக்கிவிட்டால், கட்டி தானாகவே சுருங்கும், எலும்பு தானாகவே நிரம்பும். காலையும் மாலையும் தாய் சிறிஞ்சில் உப்புநீர் ஏற்றி அந்தக் குழாய் வழியே கழுவிவிடவேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்கவேண்டும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ அதற்கு மேலுமோ செல்லும். இளம்பிள்ளையிடத்துக் காணும் அதிசயம் என்னவென்றால், கட்டிக்குள் அகப்பட்ட வேர் முற்றாத பல், தன்மேல் இருந்த நீரின் பாரம் நீங்கியதும், பல மாதங்களில் மெல்ல எழுந்து தன் வரிசையிலே வந்து நின்றுவிடுவதுண்டு. இளவயதினருக்கு இதனினும் கருணையான சிகிச்சை இல்லை. ஆனால் அது திரும்பத் திரும்ப வந்துபோகக் கூடியவர்களுக்கான சிகிச்சை.

வன்னியில் அப்படி வந்துபோகும் வசதி போரினால் 1990 இலே போயிற்று. அவ்வருஷம் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குப் போயின. தேசிய மின்சாரம் இல்லை. மருந்துக்கும் எரிபொருளுக்கும் தடையும் மட்டுப்பாடும் இருந்தன. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுப் பெயர்ந்த சனத்திலே பெருந்தொகையினர் வன்னிக்குள் வந்து சேர, அடுத்த வருஷமே கிளிநொச்சிப் பட்டினமும் பெயர்ந்தது. வவுனியாவுக்குச் செல்ல விரும்பிய நோயாளி, புறப்படுவதற்கு ஒரு தரப்பிடமும் போய்த் தங்குவதற்கு மறு தரப்பிடமும் பாஸ் பெறவேண்டியிருந்தது; வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிப்பவனுக்கே அது பிரயாசை. நோவில்லாத வீக்கமுள்ள பதினைந்து வயதுப் பையன், அல்லது கன்னம் ஒரு பக்கம் பெருத்துவிட்டதே என்று சட்டைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு வகுப்பின் பின்வாங்கில் இருக்கும் பெட்டை, அந்த வரிசையில் எங்கே நிற்பது?

இத்தகைய நிலைமையிலே, அகப்பட்ட நோயாளிக்கு ஒரே தடவையில் கட்டியையும் அதற்குரிய பல்லையும் சேர்த்து அகற்றிவிட்டு அனுப்புவதே விவேகமான தீர்மானம் என்பது என் அபிப்பிராயம். குழாயைத் தைத்து அனுப்பிய பிள்ளையின் கிராமம் அடுத்த மாதம் இடம்பெயர்ந்துவிட்டால், அந்தக் குழாயை யார் எடுப்பது? நூலிலே சிறந்த சிகிச்சையென்று எழுதியிருப்பது, தெரு திறந்திருக்கும் தேசத்தை எண்ணி எழுதப்பட்டது. இப்படிப் பல்லிழந்து தப்பியவர்கள் இன்று நாற்பதைக் கடந்திருப்பார்கள்.

வெறுங்குகைக் கட்டியைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை. 1929 இல் லூக்கஸ் என்பவர் தாடையிலே விவரித்த இது, பெரும்பாலும் இருபது வயதுக்குட்பட்டோரிடத்து, வேறெதற்கோ எடுத்த படத்தில் எதேச்சையாகத் தென்படுவது. பல்வேர்களுக்கிடையே அலையலையாக ஏறியிறங்கும் அதன் விளிம்பே அதற்கு அடையாளம். தாடையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கசிந்ததினால் உண்டானது என்று நெடுங்காலம் நம்பி, அடிகாயக் கட்டியென்றே அழைத்தார்கள். இப்போது அந்த மதம் சந்தேகத்துக்குள்ளாகியிருக்கிறது. எப்போதாவது தாடையில் அடிபட்டதா என்று வன்னிப் பிள்ளையிடம் கேட்டால், பாலைப்பழத்துக்கு மரமேறி விழுந்ததையோ, பதுங்குகுழிக்குள் பாய்ந்தபோது மோதியதையோ சொல்லாத பிள்ளை யார்? கேள்விக்கு எல்லோரும் ஆம் என்று பதில் சொல்லும் தேசத்திலே அந்தக் கேள்வியால் பிரயோசனம் இல்லை. சிகிச்சையோ மிக எளிது: திறந்து பார்த்து, உள்ளே ஒன்றுமில்லையென்று கண்டு, இரத்தம் ஊறவிட்டு மூடினால், பெரும்பாலும் எலும்பு தானே வளர்ந்துவிடும்.

2002 ஏப்ரலில், மூடிக்கிடந்த ஏ9 திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. அந்த நாலு வருஷ இடைவெளியும் தொடர் சிகிச்சைக்குக் கிடைத்த சொற்பமான காலம். அதன்பின் நடந்தவற்றை இங்கே விரித்தல் வேண்டாம். ஆஸ்பத்திரிகள் இடம் மாறி இடம் மாறி, இறுதியில் புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டோரைக் கப்பலிலே திருகோணமலைக்கு ஏற்றியது வரை உலகம் அறிந்ததே. போர் முடிந்து செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களிலே இலட்சக்கணக்கானோர் அடைபட்டிருந்தபோது, தாடை வீக்கத்துக்கு முந்திய தேவைகள் எத்தனையோ இருந்தன.

2013 செப்ரெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டங்களிலும் இன்று மாவட்டப் பொது ஆஸ்பத்திரிகள் உண்டு. பின்லாந்து தேசத்துப் பாத்தெரோ 1950 ஆம் ஆண்டையொட்டிக் கண்ட வழியிலே, முகத்தைச் சுற்றிவந்து இரு தாடைகளையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும் இயந்திரம் இந்த வியாதியைக் கண்டுபிடிப்பதற்கு மிகச் சிறந்த சாதனம். ஓபிஜி என்னும் அந்தப் படத்துக்கு எழுதித் தந்த துண்டோடு பஸ் ஏறும் இளைஞர்களையும் கண்டி வீதியிலே காணலாம். பள்ளிக்கூடங்களில் 1, 4, 7, 10 ஆம் வகுப்புகளிலே நடைபெறும் வைத்திய பரிசோதனை, பல் சேவை கைவிடும் வயதையும் தாண்டிச் செல்வது ஒரு நல்வாய்ப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் வாயைத் திறந்து, இரு பக்கமும் வேட்டைப் பல் வந்திருக்கிறதா என்று எண்ணி, கீழ்க் கொடுப்பின் வெளிப்புறத்தே ஒரு விரலை ஓட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். பிடுங்கியதாக வரலாறில்லாத பல்லொன்று குறைந்திருந்தால், படம் எடுக்க ஒரு துண்டு எழுதிக் கொடுக்கலாம்.